குறைமாதக் குழந்தை வீட்டுக்கு வந்தாச்சு: இனி பணத்தை விட லீவுதான் சீக்கிரம் தீரும்!



எஸ்ஐபி, டேர்ம் இன்சூரன்ஸ், வீட்டுக் கடன் பத்தியெல்லாம் நிறைய பேசியாச்சு. இன்னைக்கு எந்த ஃபைனான்ஸ் பிளான்லயும் யாரும் எழுதி வைக்காத ஒரு செலவைப் பத்திப் பேசப் போறோம். குறைமாதத்தில் பிறந்த குழந்தை, ஆஸ்பத்திரியில் வாரக்கணக்கில் இருந்துட்டு வீட்டுக்கு வந்த பிறகு, மாதச் சம்பளக்காரக் குடும்பத்துக்கு என்ன நடக்குது?

"இது ரொம்ப அரிதாச்சே, நமக்கு எதுக்கு?"ன்னு தாண்டிப் போயிடாதீங்க. 37 வாரம் முடியறதுக்கு முன்னாடி பிறந்தா அது குறைமாதக் குழந்தை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2020-ல் உலகம் முழுக்க சுமார் 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் இப்படிப் பிறந்திருக்காங்க. பத்துக் குழந்தைக்கு ஒண்ணுக்கும் மேல. இதில் ஏறக்குறைய 30 லட்சம் பேர் இந்தியாவில். உலகத்திலேயே நம்ம நாட்டில்தான் எண்ணிக்கை அதிகம். உங்க ஆபீஸ் ஃப்ளோரில் இந்த வருஷம் பத்துப் பேருக்குக் குழந்தை பிறந்தா, அதில் ஒருத்தருக்கு இது நடக்க வாய்ப்பு இருக்கு.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். ஆஸ்பத்திரி பில்லுக்கு எல்லாரும் பயப்படறோம், அதுக்காகக் கொஞ்சமாவது சேர்த்தும் வைக்கறோம். ஆனா குடும்பத்தோட வருமானத்தை வருஷக்கணக்கில் அடிக்கிறது அந்த பில் இல்லீங்க, லீவு. அது தீர்ந்து போய் யாராவது ஒருத்தர், பெரும்பாலும் அம்மா, வேலையை விடறாங்களே, அங்கதான் பெரிய நஷ்டம். லீவையும் ஒரு சேமிப்பு மாதிரி கணக்குப் போட்டுச் செலவு பண்ணணும். கம்பெனிகளும் சட்டமும் லீவு எண்ணுற விதத்தை மாத்தணும். இதுதான் இந்தப் பதிவு.

சுந்தரபாண்டியத்திலிருந்து பார்த்தா

ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் சுந்தரபாண்டியம்னு ஒரு பேரூராட்சி இருக்கு. கிருஷ்ணன்கோவிலில் இறங்கி வத்திராயிருப்பு ரோட்டில் போகணும். கைத்தறிக்குப் பேர் போன ஊர். இந்தத் தலைமுறைப் பிள்ளைகள் பாதிப் பேர் ராஜபாளையம் மில் ஆபீஸ், கிருஷ்ணன்கோவில் கல்லூரி, இல்லன்னா கோயம்புத்தூர், சென்னை, பெங்களூருன்னு சம்பள வேலைக்குப் போயாச்சு.

இப்ப வழக்கத்தை யோசிங்க. தலைப்பிரசவம்னா பொண்ணு அம்மா வீட்டுக்கு வந்துடும். மாப்பிள்ளை சென்னையில். 30-வது வாரத்தில் திடீர்னு வலி வந்து, ஸ்ரீவில்லிபுத்தூர்ல பார்த்துட்டு மதுரைக்குக் கொண்டு போகச் சொல்றாங்க. ஊரிலிருந்து மதுரை அறுபது, எழுபது கிலோமீட்டர். குழந்தை இன்குபேட்டரில், அம்மா ஒரு வார்டில், பாட்டி வராண்டாவில், அப்பா சென்னைக்கும் மதுரைக்கும் ராத்திரி பஸ்ஸில். இப்படி ஆறு வாரம் ஓடும். அப்புறம் ஒரு நாள் "வெயிட் ஏறிடுச்சு, கூட்டிட்டுப் போங்க"ன்னு சொல்லுவாங்க.

வீட்டில் எல்லாருக்கும் பெரிய நிம்மதி. ஆனா ஆஸ்பத்திரியில் மூணு ஷிஃப்ட் நர்ஸ்கள் பார்த்த வேலையை இனி வீட்டில் இருக்கிற ரெண்டு பேர் பார்க்கணும். ரெண்டு, மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை பால். பாலாடையில் சொட்டுச் சொட்டா ஊட்டணும், இல்லன்னா பம்ப் பண்ணி எடுத்து வைக்கணும். உடம்பு குளிராம இருக்க, நெஞ்சோடு நெஞ்சா வெச்சுக்கிற கங்காரு பராமரிப்பு. 2022-ல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட பரிந்துரையில், இதை ஒரு நாளைக்கு 8 முதல் 24 மணி நேரம் வரை செய்யணும்னு சொல்லியிருக்காங்க. எட்டு மணி நேரம்னா ஒரு முழு ஷிஃப்ட் வேலை, நண்பர்களே! அதுக்கு ஆள் எங்க?

26 வாரம் எங்க போகுது?

மகப்பேறு நலச் சட்டத்தில் 2017 திருத்தத்துக்குப் பிறகு முதல் ரெண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோட லீவு. பிரசவத்துக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருந்தா போதும். 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இதே 26 வாரம் தொடருது.

கணக்கைப் பாருங்க. 30 வாரத்தில் பிறந்த குழந்தை 6 வாரம் ஆஸ்பத்திரியில் இருக்கு. அம்மாவோட லீவு பிரசவத்திலிருந்தே ஓட ஆரம்பிச்சிடும். குழந்தை வீட்டுக்கு வரும்போது மிச்சம் 20 வாரம். லீவு முடியற அன்னைக்கு பேப்பர்படி குழந்தைக்கு ஆறு மாசம். ஆனா அது பிறந்திருக்க வேண்டிய தேதியிலிருந்து எண்ணினா 16 வாரம், அதாவது நாலு மாசம்கூட நிறையல. டாக்டர்கள் இதைத்தான் "திருத்திய வயது"ன்னு சொல்றாங்க. கழுத்து நிக்கிறது, குப்புற விழறது, உட்காருறது எல்லாம் இந்த வயசை வெச்சுத்தான் பார்ப்பாங்க. தடுப்பூசி மட்டும் உண்மையான பிறந்த தேதிப்படி. டாக்டருக்குக் குழந்தையோட ரெண்டு வயசும் தெரியும். ஹெச்ஆர் சாஃப்ட்வேருக்கு ஒண்ணுதான் தெரியும்!

இங்க பலருக்குத் தெரியாத ஒரு விஷயம். 1961 சட்டத்தின் 10-வது பிரிவில் குறைப்பிரசவம்னு பேர் சொல்லியே ஒரு சலுகை இருக்கு. கர்ப்பம், பிரசவம், குறைப்பிரசவம் இதனால் அம்மாவுக்கு உடம்பு சரியில்லன்னா, மருத்துவச் சான்று கொடுத்தா, 26 வாரத்துக்கு மேல இன்னும் ஒரு மாசம் வரை சம்பளத்தோட லீவு. புதுச் சட்டத் தொகுப்பிலும் இது இருக்கு. கவனிங்க, இது அம்மாவோட உடல்நிலைக்கான லீவு. குழந்தை வெயிட் ஏறலன்னு கேட்டா கிடைக்காது. ஆனா சிசேரியன் புண், ரத்தசோகை, பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வுன்னு அம்மாவே கஷ்டப்படற எத்தனையோ வீட்டில், இது தெரியாமலேயே ராஜினாமா லெட்டர் எழுதறாங்க.

சம்பளம் மாசம் 21,000 ரூபாய் வரைன்னா நீங்க ஈஎஸ்ஐ. 20,000 சம்பளத்தில் உங்க பங்கு 0.75%, அதாவது வெறும் 150 ரூபாய். கம்பெனி 3.25% போடும். அதில் மகப்பேறு லீவுச் சம்பளத்தை ஈஎஸ்ஐயே கொடுத்துடும், மருத்துவ ஆலோசனைப்படி ஒரு மாசம் நீட்டிப்பும் உண்டு. குழந்தையும் குடும்ப உறுப்பினராச் சேர்ந்துடும். ராஜபாளையம் மில்லில் வேலை பார்க்கிற தங்கச்சிமார்களுக்கு இது பெரிய பலம். இன்னொண்ணு: சம்பளம் 21,000 தாண்டினாலும் அந்தப் பங்களிப்புக் காலம் (ஏப்ரல்–செப்டம்பர், அக்டோபர்–மார்ச்) முடியற வரைக்கும் நீங்க ஈஎஸ்ஐக்குள்ளதான். இன்கிரிமென்ட் வந்த மாசமே கார்டைத் தூக்கிப் போட்டுடாதீங்க.

அப்பாக்களே, லீவை அவசரமா எரிச்சிடாதீங்க

தனியார் துறையில் அப்பாவுக்கு லீவு கொடுத்தே ஆகணும்னு இந்தியாவில் சட்டம் இல்லை. நல்ல கம்பெனிகள் தாங்களா அஞ்சு நாள், பத்து நாள், சில இடத்தில் அதுக்கு மேலயும் தர்றாங்க. குழந்தை பிறந்த சேதி கேட்டதும் நம்ம பசங்க என்ன பண்றாங்க? மொத்த லீவையும் அந்த முதல் பத்து நாளில், ஆஸ்பத்திரி வாசலில் நின்னு செலவழிச்சிடறாங்க. உள்ளே விடுறது ஒரு நாளைக்குக் கொஞ்ச நேரம். மிச்ச நேரமெல்லாம் டீக்கடை. உண்மையான வேலை ஆரம்பிக்கிற டிஸ்சார்ஜ் அன்னைக்குக் கையில் லீவு பூஜ்யம்.

முதல் ரெண்டு, மூணு நாள் கூட இருக்கணும், அதில் மாற்றுக் கருத்தே இல்லை. குழந்தையோட நிலைமை மோசம்னா கணக்கையெல்லாம் தூக்கிப் போட்டுட்டு ஓடுங்க. ஆனா நிலைமை சீரானதும், முடிஞ்சா வேலைக்குத் திரும்பிட்டு, வார இறுதியில் வந்துட்டுப் போய், மிச்ச லீவை டிஸ்சார்ஜ் நாளிலிருந்து போடுங்க. மத்திய அரசு ஊழியருக்கு 15 நாள் லீவு உண்டு. பிரசவத்திலிருந்து ஆறு மாசத்துக்குள்ள எப்ப வேணும்னாலும் எடுக்கலாம். உங்க கம்பெனி பாலிசியில் இந்தக் காலக்கெடு என்னன்னு இன்னைக்கே பார்த்து வைங்க. "பிறந்த 30 நாளுக்குள்"னு இருந்தா, மேனேஜர்கிட்ட முன்னாடியே எழுத்தில் கேட்டுப் பாருங்க. கேட்டா கிடைக்கிற இடங்களும் இருக்கு.

அப்பா வீட்டில் இருந்து என்ன பண்ணப் போறார்னு கேக்கற பெரியவங்களுக்கு ஒரு பதில்: கங்காரு பராமரிப்பை அப்பாவும் செய்யலாம். தாய்ப்பால் கொடுக்கிறதைத் தவிர மத்த எல்லாத்தையும் செய்யலாம். ராத்திரி ரெண்டு மணிக்கு அம்மா நாலு மணி நேரம் தொடர்ந்து தூங்கினா, அந்த வீட்டில் பால் நல்லா சுரக்கும், சண்டை குறையும்.

லீவு இல்லன்னா எது தவறும்?

இதுதான் நான் ரொம்ப பயப்படற இடம். டிஸ்சார்ஜ் ஷீட்டில் அடுத்தடுத்து தேதிகள் இருக்கும். அதில் ஒண்ணு கண் பரிசோதனை. சீக்கிரம் பிறந்த குழந்தைக்கு விழித்திரையில் ரத்தக்குழாய்கள் முழுசா வளர்ந்திருக்காது. சிலருக்கு அது தப்பா வளர்ந்து, பார்வையையே பறிச்சிடும். இந்தியாவில் 34 வாரத்துக்குள் பிறந்த, அல்லது 2 கிலோவுக்குக் குறைவான குழந்தைகளுக்கு, பிறந்த 30 நாளுக்குள் முதல் பரிசோதனை முடியணும். ரொம்பச் சின்னக் குழந்தைகளுக்கு இன்னும் முன்னாடியே. ஒரு தடவையோட முடியாது. ரத்தக்குழாய் முழுசா வளர்ற வரைக்கும் வாரம், ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை பார்க்கணும். அதாவது டிஸ்சார்ஜுக்குப் பிறகும் போகணும். சிகிச்சை தேவைன்னு சொன்னா ரெண்டு, மூணு நாளுக்குள் செஞ்சாகணும். அடுத்த வாரம் பார்க்கலாம்னு தள்ள முடியாத விஷயம் இது.

சுந்தரபாண்டியத்திலிருந்து மதுரைக்கு ஒரு பரிசோதனைன்னா காலையில் கிளம்பி ராத்திரி திரும்பணும். கைக்குழந்தையோட அம்மா மட்டும் கூட்டமான பஸ்ஸில் போக முடியாது. இன்னொரு ஆள் வேணும், வாடகைக் கார் வேணும். "இந்த வாரம் லீவு கிடைக்கல, குழந்தை நல்லாத்தானே பார்க்குது"ன்னு ஒரு தேதி தவறினா என்ன ஆகும்னு யோசிங்க. காது பரிசோதனை, வளர்ச்சிப் பரிசோதனை எல்லாத்துக்கும் இதே கதைதான்.

அதனால எமர்ஜென்சி ஃபண்டில் "டிஸ்சார்ஜுக்குப் பிறகு"ன்னு தனியா ஒரு பகுதி ஒதுக்குங்க. மூணு மாசத்துக்கு மருத்துவமனைப் பயணம், பரிசோதனை, மருந்து, வீட்டு உதவி, சம்பளமில்லா லீவு ஒரு மாசம். இந்த அஞ்சு வரிக்கும் உங்க ஊர் ரேட்டைப் போட்டு எழுதுங்க. கையில் இருக்கிற எல்லாத்தையும் முதல் பில்லிலேயே கட்டித் தீர்த்துடாதீங்க. பணம் பத்தலன்னா நகைக் கடன், பிஎஃப் முன்பணம் இதெல்லாம் முதலில். பெர்சனல் லோன், கிரெடிட் கார்டு இஎம்ஐ கடைசியில்.

வேலையை விடறதோட விலை

இப்ப முக்கியமான கணக்கு. உதாரணத்துக்கு, மனைவிக்கு மாசம் 25,000 சம்பளம்னு வைங்க. "குழந்தை தேறட்டும், அப்புறம் பார்க்கலாம்"னு வேலையை விட்டு, மூணு வருஷம் கழிச்சுத் திரும்பறாங்க. போன சம்பளம் மட்டும் 9 லட்சம். பேசிக் 15,000-ன்னா கம்பெனி போடற பிஎஃப் மாசம் 1,800, மூணு வருஷத்துக்கு 64,800. மூணு இன்கிரிமென்ட் போச்சு. திரும்பி வரும்போது பழைய சம்பளத்துக்கே தேடி அலையணும்.

பக்கத்தில் இன்னொரு கணக்கு. மனைவி ரெண்டு மாசம் சம்பளமில்லா லீவு: 50,000. 40,000 சம்பளம் வாங்குற கணவர் ஒரு மாசம் சம்பளமில்லா லீவு: 40,000. வீட்டு உதவிக்கு மாசம் 10,000 வீதம் ஆறு மாசம்: 60,000. மொத்தம் ஒன்றரை லட்சம். முதல் கணக்கில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை! இந்த ஒன்றரை லட்சத்தைச் "செலவு"ன்னு பார்க்கிற குடும்பம், அந்த ஒன்பதரை லட்சத்தைக் கணக்கிலேயே எடுக்கறதில்லை. ஏன்னா அது அம்மாவோட சம்பளம், "எப்படியும் விடப் போற வேலைதானே"ன்னு ஒரு நினைப்பு.

எல்லாக் குழந்தைக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. ஆக்ஸிஜனோட வீட்டுக்கு வர்ற குழந்தை, தொடர்ந்து பிசியோதெரபி தேவைப்படற குழந்தை இருந்தா, யாராவது ஒருத்தர் வீட்டில் இருக்க வேண்டியதுதான். அங்க லாப நஷ்டம் பேச இடமில்லை. நான் சொல்றது, தூக்கமில்லாத மூணாவது மாசத்தில், அழுதுக்கிட்டே எழுதற ராஜினாமா லெட்டரைப் பத்தி. அதை ஒரு மாசம் தள்ளி வைங்க. முதலில் வீட்டிலிருந்து வேலை கேளுங்க. மகப்பேறு லீவுக்குப் பிறகு, வேலையோட தன்மை இடம் கொடுத்தா, இருதரப்பும் பேசி வீட்டிலிருந்து வேலை பார்க்கச் சட்டத்திலேயே இடம் இருக்கு. 50 பேருக்கு மேல் வேலை செய்யற இடத்தில் குழந்தைக் காப்பக வசதியும் இருக்கணும்.

பாட்டியோட தறியையும் கணக்கில் எழுதுங்க

"அதான் அம்மா இருக்காங்களே, பார்த்துப்பாங்க." இந்த ஒரு வரியில்தான் நம்ம ஊர் பட்ஜெட் எல்லாம் ஓடுது. சுந்தரபாண்டியம் மாதிரி ஊரில் அந்தப் பாட்டி சும்மா உட்கார்ந்திருக்கிறவங்க இல்லை. தாத்தா தறியில் உட்கார்ந்தா பாட்டி தார் சுத்தணும். தறி ஒருத்தர் வேலை கிடையாது. பாட்டி பேரனை நெஞ்சில் போட்டுக்கிட்டு உட்கார்ந்தா தறி நிக்கும். தறி நின்னா கூலியும் நிக்கும். மாசச் சம்பளம் வாங்கற நமக்கு லீவு போட்டாலும் சம்பளம் வரும். அவங்களுக்கு அது கிடையாது.

அதனால மாசாமாசம் ஒரு தொகையை அவங்க அக்கவுன்ட்டுக்கு அனுப்புங்க. "பேரனைப் பார்க்கக் காசா?"ன்னு கோவிச்சுக்குவாங்க. "தறிக்கூலிம்மா"ன்னு சொல்லி அனுப்புங்க. வாங்கிக்குவாங்க.

கூடவே இன்னொண்ணு. குழந்தையைப் பார்க்க ஊரே வரும். ஆனா இந்தக் குழந்தைக்குச் சாதாரணச் சளிகூட மறுபடி ஆஸ்பத்திரியில் கொண்டு போய் விட்டுடும். அந்த மறு அட்மிஷன்தான் பட்ஜெட்டில் விழற ரெண்டாவது அடி. பேர் வைக்கிற விசேஷம், காதுகுத்து, குலதெய்வம் கோவிலில் முடி எடுக்கிறது எல்லாத்தையும் டாக்டர் சரின்னு சொல்ற வரைக்கும் தள்ளி வைங்க. "டாக்டர் சொல்லிட்டார்"னு பழியை அவர் மேல போடுங்க, சொந்தக்காரங்களும் வருத்தப்பட மாட்டாங்க. மிச்சமாகிற மண்டபக் காசு கண் பரிசோதனைப் பயணத்துக்கு ஆச்சு.

இன்சூரன்ஸ், அரசு உதவி: சுருக்கமா

கம்பெனி குரூப் பாலிசியில் மூணு கேள்வி கேளுங்க. பிறந்த முதல் நாளிலிருந்தே குழந்தைக்குக் கவர் உண்டா? அது மகப்பேறு வரம்புக்குள்ளா, முழுத் தொகைக்கா? எத்தனை நாளுக்குள் குழந்தையைச் சேர்க்கணும்? குழந்தைக்குப் பேர் வைக்கலன்னு பிறப்புப் பதிவைத் தள்ளிப் போடாதீங்க. 21 நாளுக்குள் பேர் இல்லாமலேயே பதிவு பண்ணலாம், பேரை ஒரு வருஷத்துக்குள் கட்டணமில்லாமல் சேர்த்துக்கலாம். டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய ஓபி செலவுகளைப் பெரும்பாலான பாலிசி தராது. அது உங்க கையிலிருந்துதான்.

அரசு ஆஸ்பத்திரியை "நமக்கெல்லாம் அது எதுக்கு"ன்னு ஒதுக்காதீங்க. மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு இருக்கு. 2022 ஜனவரியில் விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரியும் வந்தாச்சு. 2011-ல் தொடங்கின ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தில், நோயுற்ற குழந்தைக்கு ஒரு வயசு வரை அரசு ஆஸ்பத்திரியில் மருந்து, பரிசோதனை, போக்குவரத்து இலவசம். இதுக்கு வருமான வரம்பு கிடையாது. ஊர் திரும்பினதும் கிராம சுகாதார செவிலியர்கிட்ட சொல்லிப் பதிவு பண்ணுங்க. வீட்டுக்கே வந்து எடை பார்ப்பாங்க.

கம்பெனிகளுக்கும் அரசுக்கும் ஒரு கேள்வி

தனி ஆள் எவ்வளவு பிளான் பண்ணினாலும், லீவை எண்ணத் தொடங்குற நாள் தப்பா இருந்தா கணக்கு இடிக்கும். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸில் 2025 ஏப்ரல் 6 முதல் ஒரு சட்டம் நடைமுறையில் இருக்கு. பிறந்த 28 நாளுக்குள் அட்மிட் ஆகி, தொடர்ந்து ஏழு நாளோ அதுக்கு மேலயோ ஆஸ்பத்திரியில் இருக்கிற குழந்தையோட அம்மா, அப்பா ரெண்டு பேருக்கும் 12 வாரம் வரை கூடுதல் லீவு. வழக்கமான மகப்பேறு லீவுக்கு மேல இது தனி.

"இந்தியாவுக்கு இதெல்லாம் கட்டுமா?"ன்னு ஒரு முதலாளி கேட்டா, அது நியாயமான கேள்விதான். பத்துப் பேர் வேலை பார்க்கிற சின்ன யூனிட்டால் ஆறு மாசச் சம்பளத்தோட இன்னொரு மூணு மாசமும் தாங்க முடியாது. சுமை முழுக்க முதலாளி தலையில் விழுந்தா, கல்யாணமான பொண்ணுங்களை வேலைக்கு எடுக்கவே யோசிப்பாங்க. அதனாலதான் ஈஎஸ்ஐ மாதிரி, எல்லாரும் கொஞ்சம் போட்டு, தேவைப்படறவருக்குக் கொடுக்கிற வழி சரின்னு நான் நினைக்கறேன். எல்லாப் பிரசவத்துக்கும் கேக்கல. தீவிர சிகிச்சைப் பிரிவில் குழந்தை இருந்த நாட்களை மட்டும் லீவுக் கணக்கிலிருந்து கழிச்சுடுங்கன்னுதான் கேக்கறோம். தமிழ்நாடு அரசு தன் பெண் ஊழியர்களுக்கு மகப்பேறு லீவை 2021-ல் 12 மாசமா உயர்த்துச்சு. அரசு ஆபீசில் வேலை பார்க்கிற அம்மாவோட குழந்தைக்கும், மில் ஆபீசில் வேலை பார்க்கிற அம்மாவோட குழந்தைக்கும் நுரையீரல் ஒரே வேகத்தில்தான் வளருது.

பெரிய கம்பெனிகள் சட்டத்துக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். ஒரு வருஷத்தில் விரல்விட்டு எண்ணற ஊழியர்களுக்கு வரப் போற செலவு. அனுபவமுள்ள ஒரு ஊழியர் போனா, புது ஆளை எடுத்துப் பழக்கற செலவைப் பக்கத்தில் வெச்சுப் பார்க்கட்டும்.

அடுத்த தடவை ஹெச்ஆர் மீட்டிங்கில் "ஏதாவது கேள்வி இருக்கா?"ன்னு கேக்கும்போது, கல்யாணம் ஆகலன்னாலும் பரவாயில்லை, கை தூக்கி இதைக் கேளுங்க: "குழந்தை ஐசியூவில் இருந்தா அந்த நாட்கள் லீவில் கழியுமா?" இன்னைக்கு அந்த பாலிசியில் ஒரு வரி சேர்ந்தா, அது நாளைக்கு உங்க பக்கத்து சீட் தோழிக்கு உதவும்.

உங்க கம்பெனியில் இந்த விதி எப்படி இருக்குன்னு கமென்டில் எழுதுங்க. கம்பெனி பேர் வேண்டாம், விதி மட்டும் போதும். வீட்டில் குட்டி விருந்தாளி வந்திருக்கிற நண்பர்கள் யாராவது இருந்தா, இந்தப் பதிவை அனுப்பிட்டு, கூடவே ஒரு வேளைச் சாப்பாடும் கொடுத்து அனுப்புங்க.